மஞ்சூரியனும் மாமனாரின் மூக்கும்

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் என் மாமனார் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"காரமா வெந்நீர் குடிச்ச மாதிரி இருக்கு. பெருங்காயம் போடலையா?"

போட்டிருந்தேன். வழக்கத்தைவிட ஒரு சிட்டிகை கூடவே போட்டிருந்தேன். நாக்குக் கசந்து கிடப்பவருக்கு நாலு வாய் இறங்கட்டும் என்று நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, மூடி வைத்து, அவர் உட்கார்ந்த பிறகுதான் திறந்தேன். வாசனை வாசல்வரை போனது. அவர் மறுபடி டம்ளரை எடுத்து மூக்கருகே வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு ரசத்தைச் சாதத்தில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்தக் குறையைத் தொடராமல் அவர் எழுந்து போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மலையாள ஊரில் இருக்கும் இந்தத் தமிழ் வீட்டுக்கு நான் வந்து பத்தொன்பது வருஷம். சாப்பாட்டில் ஒரு குறை கண்டால் அதை முழுக்க அலசாமல் அவர் கை கழுவியதில்லை. ஓர் அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பிழை திருத்தியவர். அந்தப் பழக்கம் தட்டிலும் தொடர்ந்தது. சாம்பாருக்கு வறுத்த வெந்தயம் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தால் அவருக்குத் தெரியும். தேங்காய் நேற்று உடைத்ததா இன்று உடைத்ததா என்று தெரியும். புதுப் பெண்ணாக இருந்தபோது அதற்காக நான் அழுதிருக்கிறேன். பிறகு சண்டை போட்டிருக்கிறேன். அதற்கும் பிறகு, கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால், வீட்டிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அந்தக் கருவி நின்றுபோயிருந்தது.

மூக்கு டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலோடு வாசனை போவது சகஜம் என்றார். சிலருக்கு ஒரு மாதத்தில் திரும்பும், சிலருக்கு வருஷமாகும், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சைத் தோல், காபித்தூள், ரோஜா என்று நான்கை மோந்து பார்த்துப் பழக்கச் சொன்னார். மாமனார் அதைச் சந்தியாவந்தனம் மாதிரி ஒழுங்காகச் செய்தார். நான்கு டப்பாவையும் வரிசையாக வைத்து, கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் இழுத்து, மூடி வைத்துவிட்டு, "இல்லை" என்பார். தினமும் எட்டு "இல்லை".

சாப்பாடு கடமையாகிவிட்டது. உடம்பு இளைத்து, பூணூல் தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. "புளி, உப்பு, காரம் மூணும் தெரியறது. ஆனா மூணும் தனித்தனியா நிக்கறது. ஒண்ணோட ஒண்ணு பேசவே மாட்டேங்கறது," என்றார் ஒரு நாள். இன்னொரு நாள் நான் கல்லூரியிலிருந்து வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் கருகல் வாடை. அடுப்பில் வைத்த பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகி அடி விட்டிருந்தது. அவர் பக்கத்து அறையில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தபோது என் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. எழுந்து வந்து அந்தப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலை, கேட்டியா. ஒட்டும் தெரியலை," என்றார்.

அதன்பிறகு தனியாக இருக்கும்போது அடுப்புப் பக்கமே போகமாட்டார்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பிளஸ் டூ படிக்கும் என் பெண் டியூஷன் முடிந்து வரும்போது ஒரு பார்சல் வாங்கி வந்தாள். பழவங்காடியிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் வழியில், தள்ளுவண்டியாக ஆரம்பித்து இப்போது சிறிய கடையாகிவிட்ட ஒரு சைனீஸ் கடை உண்டு. அங்கே வாங்கிய கோபி மஞ்சூரியன். எங்கள் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. மாமனார் வெளிச் சாப்பாடு தொடமாட்டார். அதனால் இப்படிப்பட்ட பார்சல்களுக்கென்று பின்கட்டில் ஓர் இடம் உண்டு. நானும் அவளும் துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே நின்று, டப்பாவிலிருந்து கையால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தோம்.

பின்கதவில் மாமனார் நின்றார்.

"என்னது அது? கடக்கு முடக்குனு சத்தம் கேக்கறது?"

என் பெண் டப்பாவைப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். அவர் கையை நீட்டினார். "எனக்கு எல்லாமே வைக்கோல்தானே. அதுவும் எப்படிப்பட்ட வைக்கோல்னு பாத்துடலாம்."

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். மறுபடி மென்றார். இரண்டு மாதமாக அவர் சாப்பிடும்போது முகத்தில் ஒன்றுமே நடக்காது. இப்போது புருவம் மேலே போனது.

"ஏதோ இருக்கு," என்றார்.

"என்ன இருக்கு அப்பா?" என்று கேட்டேன் நான்.

"தெரியலை. ஆனா ஏதோ இருக்கு."

நான்கு துண்டு சாப்பிட்டார். ஐந்தாவதை எடுக்கும்போதுதான் கேட்டார். "இதுல பூண்டு உண்டோ?"

என் பெண்ணுக்குப் பொய் வராது. "உண்டு தாத்தா. நிறைய உண்டு."

"சிக்கன் பண்ற கடாயிலேயே பண்றதா?"

"அதே."

ஐந்தாவது துண்டைத் திரும்ப டப்பாவில் வைத்தார். கோபம் எதுவும் இல்லை. குழாயடிக்குப் போய் வாயை மூன்று தரம் கொப்பளித்துவிட்டு உள்ளே போனார். நான் சமையலறைக்குத் திரும்பி அரைமணி நேரம் ஆகியிருக்காது, வாசற்படியில் வந்து நின்றார்.

"அதை ஆத்துல பண்ண முடியுமோ? பூண்டு இல்லாம?"

பத்தொன்பது வருஷத்தில் அவர் இதைப் பண்ணு என்று கேட்ட முதல் பலகாரம் அதுதான்.

மறுநாள் ஞாயிறு. கைபேசியில் நான்கைந்து வீடியோ பார்த்தேன். ஒவ்வொருவரும் "கடைச் சுவையில்" என்றுதான் ஆரம்பித்தார்கள். காலிஃப்ளவரை மஞ்சள் போட்ட வெந்நீரில் முக்கி எடுத்தேன். மைதாவும் கார்ன்ஃப்ளோரும் மிளகாய்ப் பொடியும் கரைத்துப் பொரித்தேன். அதற்கு முன்பே சாலை என்ற கடைத்தெருவில் சாஸ் வாங்கப் போயிருந்தபோது, வழக்கமாகப் பருப்பு வாங்கும் மொத்தக் கடையில் நாகர்கோவில்காரர் கேட்டார்: "வீட்டுக்கா, ஓட்டலுக்கா? ஓட்டலுக்குன்னா அஞ்சு லிட்டர் கேன் இருக்கு." வீட்டுக்கு என்றதும், "கறுப்பா, வெளுப்பா?" என்றார். சோயா சாஸில் இரண்டு வகை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கறுப்பு நிறத்துக்கு, வெளுப்பு உப்புச் சுவைக்கு என்று அவரே சொல்லி இரண்டிலும் ஒவ்வொன்று கொடுத்தார். வெங்காயம், குடமிளகாய், இஞ்சி எல்லாம் வதக்கி, சாஸ்களை ஊற்றி, வினிகர் விட்டு, பொரித்ததைப் போட்டுக் கிளறி, அழகாக ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் ஒரு துண்டு சாப்பிட்டார். "இதுல ஒண்ணும் இல்லை."

பார்க்க அதேதான். நிறம் அதேதான். என் நாக்குக்குக்கூட ஏறக்குறைய அதேதான். அவருக்கு மட்டும் அந்த "ஏதோ" இல்லை. எனக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. வாசனையே தெரியாத ஒருவருக்கு எங்கள் ரசத்தில் கிடைக்காத எது அந்தக் கடைத் துண்டில் கிடைத்தது? அது ஏன் என் துண்டில் கிடைக்கவில்லை?

இந்தக் கேள்விகளைத் தீர்க்க எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். எதையும் பிரித்துப் பார்ப்பது. வீட்டில் இருமல் மருந்தோடு வந்த சின்னச் சின்ன அளவு மூடிகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. ஏழெட்டை எடுத்துக் கழுவி வரிசையாக வைத்தேன். ஒன்றில் கறுப்பு சோயா, ஒன்றில் வெளுப்பு சோயா, ஒன்றில் வினிகர் கலந்த தண்ணீர், ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் மிளகாய் சாஸ், ஒன்றில் இஞ்சிச் சாறு, ஒன்றில் சைனீஸ் கடைகளில் போடுகிற சுவையூட்டி உப்பு கரைத்த நீர். மாமனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கண்ணை மூடச் சொன்னேன்.

"என்னை எலி ஆக்கறியா?" என்றார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டார்.

சர்க்கரையை உடனே சொல்லிவிட்டார். சோயா இரண்டையும் வெறும் உப்பு என்றார். பிறகு, "இரு, உப்பு போனப்பறம் நாக்கு நடுவுல தடியா ஒண்ணு நிக்கறது," என்றார். சுவையூட்டி உப்புக்கும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் பெரிதாக. "நாக்கு முழுக்கப் பாய் விரிச்ச மாதிரி." இஞ்சி தொண்டையில் சுட்டது. வினிகரை வாயருகே கொண்டுபோனதுமே தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"குத்தறது!"

"எங்கே?"

"மூக்குக்குள்ள. ஊசி வெச்ச மாதிரி."

"வாசனை வரதா?"

"வாசனை இல்லை. குத்து மட்டும்."

அன்று ராத்திரி படித்துப் பார்த்தேன். மூக்கில் வாசனைக்கு ஒரு நரம்பு. எரிச்சல், குத்தல், குளிர்ச்சிக்கு வேறொரு நரம்பு. காய்ச்சல் முதலாவதை அடித்துப் போட்டிருந்தது. இரண்டாவது பத்திரமாக இருந்தது. எங்கள் வீட்டுச் சமையலை இப்போது வேறு கண்ணால் பார்த்தேன். பெருங்காயம், கறிவேப்பிலை, நெய், கொத்துமல்லி எல்லாமே மூக்குக்குத்தான். மூக்கை எடுத்துவிட்டால் குழைந்த பருப்பும் குழைந்த காயும்தான் மிச்சம். மஞ்சூரியன் அப்படி இல்லை. அது பல்லுக்குச் சத்தம் கொடுக்கிறது, நாக்கில் பாய் விரிக்கிறது, மூக்கில் குத்துகிறது. வாசனை இல்லாமலேயே இதெல்லாம் நடக்கும்.

மறுநாள் இதை அவரிடம் சொன்னபோது மிகவும் கவனமாகக் கேட்டார். பழைய டயரி ஒன்றைத் தேடி எடுத்து, அதில் ஒரு பக்கத்தில் வினிகர், மறுபக்கத்தில் சோயா என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவருக்குப் பிழை பார்க்க ஒரு தாள் கிடைத்திருந்தது. அட்லஸை எடுத்து மஞ்சூரியா எங்கே இருக்கிறது என்றும் கண்டுபிடித்தார். என் பெண் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"தாத்தா, அங்க யாருக்கும் இது தெரியாது. இது நம்ம நாட்டுல உண்டாக்கினதாம்."

"பின்னே எதுக்கு அந்தப் பேரு?"

"ஆருக்கறியாம்," என்றாள் அவள், யாருக்குத் தெரியும் என்று பள்ளிக்கூட மலையாளத்தில்.

அவர் டயரியில் அதையும் எழுதிக்கொண்டார்.

ஆனால் சமையல் மட்டும் முன்னேறவில்லை. வினிகரை இரண்டு மடங்காக்கினேன். புளிப்பு ஏறியது, குத்தல் வரவில்லை. மாவைக் கெட்டியாக்கினேன், போண்டா மாதிரி ஆனது. மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனதும், ஒரு நாள் கல்லூரியிலிருந்து திரும்பும்போது நாலு மணி சுமாருக்கு அந்தக் கடைக்கே போய் நின்றேன்.

கடை இன்னும் திறக்கவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் முட்டைக்கோஸை நூலாக நறுக்கிக்கொண்டிருந்தார். நான் மலையாளத்தில் ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் பதில் சொன்னார்.

"அஞ்சு மணிக்குத்தான் அக்கா தொடக்கம். இப்பம் ஒண்ணும் ரெடி இல்ல."

"வாங்க வரலை. ஒண்ணு கேக்கணும். மஞ்சூரியன் ஆத்துல பண்ணினா ஏன் சரியா வர மாட்டேங்கறது?"

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: காய்ச்சல், ரசம், கரிந்த பால் பாத்திரம், மருந்து மூடிகள். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர் என்று பிறகு சொன்னார். சென்னையில் ஒரு நேபாளியிடம் வேலை கற்றுக்கொண்டு இங்கே வந்தவர். நான் முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"இருங்க. செஞ்சு காட்டுதேன். நீங்க எத்தன தடவ பொரிக்கிய?"

"ஒரு தடவை."

"அதான். மொதல்ல பாதி வெந்தாப் போதும். எடுத்து ஆற விடணும். நல்லா ஆறணும் அக்கா, கையில தொட்டாச் சூடே இருக்கப்படாது. அப்புறம் எண்ணெயக் கொதிக்க விட்டு ரெண்டாந் தரம். அப்பம்தான் மொறுமொறுப்பு நிக்கும்."

பெரிய அடுப்பைப் பற்றவைத்தார். தீ கடாயின் பக்கங்களில் ஏறி நின்றது. "இந்தத் தீ உங்க வீட்டுல கெடையாது. அதுக்கு என்ன செய்யணும்? கொஞ்சங் கொஞ்சமாச் செய்யணும். ஒரு தட்டுக்கு மேல கடாயில போடப்படாது. நெறையப் போட்டா வேகும், வதங்காது." சாஸை முதலில் காய்ச்சித் தளதளவென்று ஆக்கினார். பொரித்ததைப் போட்டார். பத்து எண்ணுவதற்குள் நான்கைந்து தரம் தூக்கிப் போட்டார். அடுப்பை அணைத்தார். அதற்குப் பிறகுதான் வினிகர் பாட்டிலை எடுத்து ஒரு சுற்று விட்டார். குப்பென்று எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

"வினிகர் கடைசியிலயா?"

"பின்ன? அடுப்பு எரியும்போது ஊத்தினா ஆவியாப் போயிரும்லா."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அசிட்டிக் அமில பாட்டிலைத் திறந்து வைக்காதே, ஆவியாகிவிடும் என்று வருஷாவருஷம் பிள்ளைகளை அதட்டுகிறவள் நான். வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை வீட்டில் கொதிக்கும் சாஸில் முதலிலேயே ஊற்றி, குத்தலையெல்லாம் ஜன்னல் வழியே தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு மடங்கு ஊற்றினாலும் எனக்கு மிஞ்சியது புளிப்பு மட்டும்தான்.

"சுவை சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பேள்?" என்று கேட்டேன். அவர் எதையும் வாயில் போட்டுப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்திருந்தேன்.

அவர் சிரித்தார். "எனக்கும் வாசன சரியாத் தெரியாதுக்கா. பதினஞ்சு வருசமா இந்த மொளகாப் பொகையில நின்னு மூக்கு மரத்துப் போச்சு. வீட்டுல மீன் கருகினாலும் எம் பொண்டாட்டி வந்துதான் சொல்லணும். எனக்குக் காதுதான். எண்ணெ சத்தம் மாறும். மொதல்ல சளசளன்னு கேக்கும், ஈரம் போனதும் சன்னமாயிரும். அப்பம் எடுக்கணும்."

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். பொரிப்பதையும் வினிகரையும் அவர் அவ்வளவு கவனிக்கவில்லை. "அவருக்கும் தெரியாதா? தெரியாமலா இத்தனை பேருக்குச் சமைக்கறார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணெய் வைத்ததும், பால் கரிந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சமையலறைக்குள் வந்து அடுப்பருகே நின்றார். தலையைச் சாய்த்து, ஒரு காதை வாணலிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீ பாக்காதே. நான் சொல்றேன்."

முதல் ஈடு அவர் சொன்னபோது எடுத்தேன். சீக்கிரம் எடுத்துவிட்டோம், வதவதவென்று இருந்தது. இரண்டாவது ஈட்டில் அவர் நீண்ட நேரம் காத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கே பொறுமை போய்க் கரண்டியைத் தூக்கினேன்.

"இரு... இரு. இப்போ. மெலிஞ்சாச்சு. எடு!"

எடுத்தேன். தட்டில் விழுந்தபோது சின்னக் கூழாங்கற்கள் விழுவது போலச் சத்தம் கேட்டது. ஒரு தட்டு அளவுக்கு மட்டும் சாஸ் காய்ச்சி, பொரித்ததைப் போட்டுப் புரட்டி, அடுப்பை அணைத்து, வினிகரை விட்டேன். அவர் அங்கேயே நின்றபடி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் நீர் கோத்தது. அது வினிகரால்தான் என்று நினைக்கிறேன்.

"இருக்கு," என்றார். "அந்த 'ஏதோ' இருக்கு."

என் கணவரும் பெண்ணும் சமையலறைக்கே வந்துவிட்டார்கள். நான்கு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். மாமனார் சமையலறையில் அடுப்பருகே நின்றுகொண்டு சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு எங்கள் வீட்டில் ஒரு சைனீஸ் காலம் தொடங்கியது. ஃப்ரைட் ரைஸுக்குச் சாதத்தை வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைப்பது அவர் வேலை. பீன்ஸ் நறுக்குவதும் அவர்தான். பிழை திருத்திய கண் ஆயிற்றே, ஒரு துண்டு பெரிதாக இருக்காது. நூடுல்ஸில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "சத்தமே போடாத வஸ்து" என்று ஒதுக்கிவிட்டார். பேபிகார்ன் பாஸ்மார்க் வாங்கியது. ரசமும் சாம்பாரும் கடமைக்கு. சனி, ஞாயிறு இரண்டு நாள் ஆசைக்கு. பூணூல் மறுபடி தோளில் நிற்க ஆரம்பித்தது. ஒரு முறை என் கணவர், "வாசனையே தெரியாதபோது பூண்டு போட்டா என்ன?" என்று கேலி செய்தார். மாமனார் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியாதுங்கறதுக்காக அது பூண்டு இல்லாம ஆயிடுமோ?" என்றார்.

ஏழு மாதம் கழித்து ஒரு நாள் சோயா சாஸ் தீர்ந்துபோய், நானும் அவருமாகச் சாலைக்குப் போனோம். நாகர்கோவில்காரர் கேட்காமலேயே கறுப்பிலும் வெளுப்பிலும் ஒவ்வொன்று எடுத்து வைத்தார். திரும்பும்போது பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வழியாக வந்தோம். சிதறுகாய் உடைக்கிற இடத்தைத் தாண்டும்போது அவர் சட்டென்று நின்றுவிட்டார். முதுகில் யாரோ வந்து இடித்தார்கள். மயக்கம் வருகிறதோ என்று கையைப் பிடித்தேன்.

"என்னப்பா?"

அவர் தலையை உயர்த்தினார். மூக்கை உறிஞ்சினார். இரண்டடி முன்னால் போய், தேங்காய்த் தண்ணீர் தேங்கிப் புளித்துக் கிடந்த ஓரத்தில் குனிந்து, மறுபடி உறிஞ்சினார்.

"நாத்தம்," என்றார். "புளிச்ச நாத்தம். வரதா உனக்கு?"

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "வரது, வரது," என்றேன்.

"நல்ல நாத்தம்!" என்று உரக்கச் சொன்னார். தரிசனத்துக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாலை போட்ட பக்தர்களும் சிதறிய ஓடுகளும் சூழ்ந்திருக்க, அவர் ஐந்து நிமிஷம் நின்று அந்தக் கெட்ட காற்றை நெஞ்சு நிறைய இழுத்தார். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

வாசனை நேராகத் திரும்பி வரவில்லை. கோணலாகத்தான் வந்தது. சில வாரம் காபி ரப்பர் எரிவது போல இருந்தது அவருக்கு, கையால் தொடமாட்டார். வதக்கிய வெங்காயம் சாக்கடை மாதிரி என்றார். டாக்டர், நரம்பு புதிதாக வழி தேடுகிறது, பொறுங்கள் என்றார். பிறகு ஒன்றொன்றாகச் சீரானது. எலுமிச்சை வந்தது. நெய் வந்தது. ஒரு நாள் ரசத்தை உறிஞ்சிவிட்டு, பெருங்காயம் கொஞ்சம் கூடிவிட்டது என்றார். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, ஆனால் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இதில் நான் சற்றும் எதிர்பாராத ஒன்று கடைசியாக நடந்தது. முக்கால் மூக்கு திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல மஞ்சூரியன் பண்ணினேன். சத்தத்துக்கு அவர்தான் காது கொடுத்தார். சாஸை ஊற்றியதும் முகத்தைச் சுளித்துப் பின்னால் நகர்ந்தார்.

"என்ன இது, நனைஞ்ச சாக்கு மாதிரி நாறறது?"

"சோயா சாஸ் அப்பா."

"இதையா நான் இத்தனை மாசமாத் தின்னேன்?"

"இதையேதான்."

அவரால் நம்ப முடியவில்லை. பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். வெளுப்பையும் மோந்து பார்த்தார். டயரியை எடுத்துவந்து, "நாக்கு நடுவில் தடியாக" என்று தன் கையால் எழுதியிருந்ததைப் படித்தார். சோயா என்ற தலைப்புக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தார். நான் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவருக்குத் தோசை வார்க்கலாமா என்று கேட்டேன்.

"இரு," என்றார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு இடது கையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தார்.

"இப்போ கொள்ளாம், நன்னா இருக்கு," என்றார், அடைத்த குரலில். அடுத்த துண்டுக்குக் கை நீட்டினார்.